ரெஜினா வைத்த சீட்டு

புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் டாக்டர்களுக்கு நம் சங்க இதழில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். தலைப்பையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: கூட்டம் நிறைந்த கிளினிக்கில் தினசரி டென்ஷனைச் சமாளிப்பது எப்படி. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் முப்பத்தோரு வருடம் கிளினிக் நடத்தினேன். அதில் பத்தொன்பது வருடம் என் டென்ஷனைச் சமாளித்தவள் முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்த ரெஜினா. அவள் இப்போது உயிரோடு இல்லை. என் கதவுக்கு எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவளுடைய நோயை நான் எட்டு மாதம் தாமதமாகக் கண்டுபிடித்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். மூச்சுப் பயிற்சியை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

ரெஜினா கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பம் பெங்களூருக்கு வந்தது. புருஷன் சீக்கிரமே இறந்துபோனான். மூன்று வயதுக் குழந்தை இடுப்பில் இருக்க என்னிடம் வேலை கேட்டு வந்தபோது, "டைப் அடிக்கத் தெரியும் மேடம்" என்றாள். என் கிளினிக்கில் அப்போது டைப் அடிக்க ஒரு காகிதம்கூட இல்லை. இருந்தாலும் சேர்த்துக்கொண்டேன். தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் ஒரே வேகத்தில் ஆட்களைச் சமாதானப்படுத்துகிற திறமை அவளுக்கு இருந்தது. எனக்கு அந்தத் திறமை ஒரு மொழியிலும் கிடையாது.

என் கோபத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரெஜினா வந்த இரண்டாவது வருடம் என்று நினைக்கிறேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டே போனார். முதலில் முட்டிவலி என்றார். பிறகு வயிற்றில் வாயு, பிறகு தூக்கமின்மை. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். மருந்து எழுதி முடித்துப் பேனாவை மூடியபோது, "இன்னொண்ணும் இருக்குது டாக்டரம்மா" என்றார்.

"மூட்ட முடிச்சு எல்லாத்தையும் இங்கயே அவுக்காதீங்க" என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிடும் பெல்லை அழுத்தினேன். நம் தொழிலில் அந்த பெல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தவர் உள்ளே நுழைந்ததும் முந்தையவர் எழுந்தே ஆக வேண்டும். பெரியவர் ரிப்போர்ட்டுகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார். அவர் திரும்ப வரவில்லை. அந்த இன்னொன்று என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே மாதம் எனக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. உடன் படித்த சிநேகிதி ஒருத்தி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர்களுக்கான மன அழுத்தப் பயிற்சி முகாமுக்குப் போனாள். நட்சத்திர ஓட்டல், இரண்டு நாள், குளுகுளு அறை. பேசியவர் வாழ்க்கையில் ஒரு நாளாவது டோக்கன் வரிசையைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். வேலைகளைப் பகிர்ந்து கொடுங்கள் என்றார். முடியாது என்று சொல்லப் பழகுங்கள் என்றார். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை ரெஜினாவைக் கூப்பிட்டேன். இனிமேல் வருகிறவர்களிடம் என்ன தொந்தரவு என்று நீயே விசாரி, இரண்டு வரியில் சீட்டு எழுது, அவர்கள் ஃபைலில் குத்தி எனக்கு அனுப்பு என்றேன்.

"நான் போயி எப்பிடி மேடம்? அவங்க உங்ககிட்ட சொல்லத்தானே வராங்க?"

"உங்கிட்டச் சொன்னா எங்கிட்டச் சொன்ன மாதிரிதான். எழுது."

முதல் வாரம் தடுமாறினாள். பிறகு அவள் எழுதிய சீட்டுகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 'காய்ச்சல் 3 நாள். வாந்தி இல்லை. பயம் அதிகம்.' 'சர்க்கரை. மாத்திரை போடவில்லை, போட்டேன் என்பார்.' 'வயிற்றுவலி. மாமியார் கூட வந்திருக்கிறார். அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கவும்.' பல நாட்கள் அந்தச் சீட்டே பாதி வைத்தியத்தைச் செய்துவிடும். நோயாளி உட்காருவதற்குள் நான் எழுத ஆரம்பித்துவிடுவேன்.

என் ரத்த அழுத்தம் இறங்கியது. ராத்திரி தூக்கம் வந்தது. நம் கூட்டங்களில் இந்தச் சீட்டு முறையைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறேன், உங்களில் சிலரும் கேட்டிருப்பீர்கள். எனக்குக் குறைந்த பாரம் எங்கே போயிருக்கும் என்று மட்டும் நான் யோசித்ததில்லை. அத்தனை பேரின் அழுகையையும் அவள் முதலில் கேட்டாள். நேரமாகிறது என்ற திட்டையும் அவள்தான் வாங்கினாள். அதையெல்லாம் இரண்டு வரியாகச் சுருக்கி, கோபத்தையும் கண்ணீரையும் வடிகட்டி எனக்குக் கொடுத்தாள். வடிகட்டியில் தங்கியது அவளிடமே இருந்தது.

இன்னொரு விஷயம் எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது. தினமும் பதினொரு மணிக்குப் பக்கத்து பேக்கரியிலிருந்து எனக்கு டீ வரும். அரை மணி கழித்து ரெஜினா டம்ளரை எடுத்துப் போவாள். ஒருநாள் மின்சாரம் போய் பெல் அடிக்கவில்லை. நானே எழுந்து முன்னறைக்குப் போனேன். ரெஜினா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கையில் நான் குடிக்காமல் விட்ட டீ, ஏடு படிந்து அப்படியே இருந்தது. "அம்மா, இவத்து ஒந்தே ஹேளி" என்று ஒருத்தியிடம் கன்னடத்தில் சொன்னாள். அடுத்து உட்கார்ந்திருந்தவரிடம் அதையே தமிழில், "அண்ணே, இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மீதிய அடுத்த வாரம் வச்சிக்கலாம்" என்றாள்.

பிறகு கேட்டேன். கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்.

"டீ காலியா வந்தா நீங்க நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம் மேடம். அப்பிடியே வந்தா, அன்னைக்கு யாரும் உங்கள ரொம்பத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொல்லி வச்சிடுவேன். பத்து வருஷமா அப்பிடித்தான் பாத்துக்கினு இருக்கேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டில் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். இவள் எவ்வளவு கெட்டிக்காரி என்று பூரித்துப் போனேன். என் கோபத்துக்காக நோயாளிகள் தங்கள் நோயைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மழைக்காலம் முடிகிற நேரம். ஊரெல்லாம் டெங்கு. முன்னறையில் நிற்க இடமில்லை. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் வேலை பார்க்கிற ஒரு இளைஞன், கம்பெனிச் சட்டையோடு தனியாக வந்தவன், டோக்கன் வாங்கின இடத்திலேயே சுருண்டு விழுந்தான். தூக்கி உள்ளே கட்டிலில் போட்டோம். கை கால் சில்லிட்டுப் போயிருந்தது. நாடி கைக்குக் கிடைக்கவில்லை. சலைன் ஏற்றினேன். சலைன் ஸ்டாண்டின் சக்கரம் அதற்கு முந்தின வாரமே உடைந்து போயிருந்ததால் ரெஜினா பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆம்புலன்ஸ் மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டது. ஐம்பது நிமிடம். அவள் கையை மாற்றி மாற்றிப் பிடித்தாளே தவிர ஒரு தடவைகூட உட்காரவில்லை.

நடுவில் அந்தப் பையனின் சிநேகிதர்கள் வந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து என் முகத்தைப் படம் எடுத்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறீர்களா என்று கத்தினான். ஆம்புலன்ஸ் வந்தது. பையன் பிழைத்துக்கொண்டான், அடுத்த மாதம் இனிப்பு டப்பாவோடு வந்து நின்றான். ஆனால் அன்று மதியம் இரண்டு மணிக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினொரு மணி டீ தொடாமல் கிடந்தது.

ரெஜினா ஃபைல்களோடு உள்ளே வந்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டாள். ஒரு ஃபைலை மட்டும் தனியாக நீட்டினாள்.

"அஞ்சு பேர நாளைக்கு வரச் சொல்லிட்டேன் மேடம். இது ஒண்ணு மட்டும் பாத்துடுங்க. ரெண்டு நிமிஷந்தான்."

அவள் நீட்டிய ஃபைலை நான் பார்க்கவே இல்லை. "ரெண்டு நிமிஷம் ரெண்டு நிமிஷம்னு எல்லாரும் என் உயிர எடுக்குறாங்க. இப்ப நீயும் ஆரம்பிச்சிட்டியா? யாரா இருந்தாலும் நாளைக்கு வரச் சொல்லு."

"சரிங்க மேடம். நாளைக்கு வரச் சொல்றேன்."

வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பயிற்சி முகாமில் சொன்னபடி, முடியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டேன் அல்லவா. மறுநாள் காலை ஐந்து ஃபைல்கள் மேஜைக்கு வந்தன. ஆறாவது எங்கே என்று நான் கேட்கவில்லை.

எட்டு மாதம் போனது. ஒருநாள் காலை, மேல் அலமாரியிலிருந்து பழைய ஃபைல் எடுக்க ஸ்டூலில் ஏறிய ரெஜினா, அலமாரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். இறங்கச் சொன்னேன். கண் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு என்பதே இல்லை. என்னவென்று கேட்டால், "வயசுக் கோளாறுதான் மேடம், ஒண்ணுமில்ல, ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க" என்கிறாள். அன்று முதல் தடவையாக அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். கட்டிலில் படுக்கச் சொன்னேன். எத்தனையோ பேரை அந்தக் கட்டிலில் ஏற்றி இறக்கியவள் அதுவரை அதில் படுத்ததே இல்லை.

பரிசோதித்து முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். ஸ்கேன் வந்தபோது அது அக்கம்பக்கமெல்லாம் பரவியிருந்தது. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கழித்துத் திரும்பவும் கறை பட ஆரம்பித்திருக்கிறது. மழைக்காலத்திலிருந்தே இருக்கிறது. என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"நீங்க எழுதுவீங்களே மேடம், பொம்பளைங்களுக்கு ரத்தப்போக்கு நிக்க ஒரு மாத்திர. அதையே மெடிக்கல்ல வாங்கிப் போட்டேன். போட்டா நிக்கும். அப்பறம் திரும்ப வரும்."

அந்த மாத்திரையை நான் எழுதுவதற்கு முன் என்னென்ன பார்க்கிறேன் என்பது கதவுக்கு உள்ளே நடப்பது. அவளுக்குத் தெரிந்தது வெளியே வந்த மருந்துச் சீட்டு மட்டும்தான். பத்தொன்பது வருடம் என் கையெழுத்தைப் படித்தவளுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு அது. மெடிக்கல் கடைக்காரரும் டாக்டரம்மா கிளினிக் அக்காதானே என்று கேள்வி கேட்காமல் கொடுத்திருக்கிறார்.

இந்த இடத்தில் நீங்கள் என்னிடம் ஏதாவது உபயோகமாக எதிர்பார்ப்பீர்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உங்கள் டென்ஷன் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படும் நாளில், அது யார் தலைக்குப் போயிருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். கோபப்படாதீர்கள் என்று நான் சொன்னால் அது போலித்தனம், எனக்கு வராத ஒன்றை உங்களுக்கு எப்படிச் சொல்லுவேன். ஆனால் நம் கோபத்தைச் சுற்றி மற்றவர்கள் ஒரு சட்டதிட்டமே வகுத்துக்கொண்டிருப்பார்கள், அது நம் காதுக்கு எட்டாது. இன்னொன்று. நம் கிளினிக்கில் வேலை செய்கிறவர்களுக்கு நாம் வைத்தியம் பார்ப்பதெல்லாம் போகிற போக்கில்தான். தலைவலியா, அந்த டிராயரில் மாத்திரை இருக்கும் எடுத்துக்கோ என்போம். அவர்கள் பெயரில் ஒரு ஃபைல் இருக்காது. ரெஜினா போன பிறகு நான் கிளினிக்கை நடத்திய கடைசி ஒன்றரை வருடம், ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை முதல் டோக்கன் முன்னறையில் வேலை செய்கிறவர்களுக்கு. ஒவ்வொருவராக உள்ளே வந்து, கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார வேண்டும். சீட்டு கிடையாது. புதிதாகச் சேர்ந்த பெண் முதல் மாதம் நெளிந்தாள், எனக்கு ஒன்றுமில்லை மேடம் என்றாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஆரம்பித்தாள்.

இதை நான் செய்ய வேண்டிய காலத்தில் செய்யவில்லை. அந்த வருத்தம் எனக்குப் போகாது, போகவும் வேண்டாம்.

ரெஜினாவுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கொஞ்சம் தாங்கினாள், பிறகு தாங்கவில்லை. கடைசி மாதங்களில் வீட்டிலேயே இருந்தாள். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை வீடு. இடுப்பில் வந்த அந்தக் குழந்தை, ஷாலினி, இப்போது ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்காக வீட்டிலிருந்தே வேலை வாங்கிக்கொண்டு, ஜன்னல் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாள். காலை கிளினிக் முடிந்ததும் நான் நேராக அங்கே போய்விடுவேன். அப்படி ஒரு மதியம்தான், பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"ஏன் ரெஜினா எங்கிட்டச் சொல்லல? எட்டு மாசம். தினமும் என் மூஞ்சியப் பாத்தியே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவள் முகத்தில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சொன்னனே மேடம். சீட்டு வச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். அன்று காலையிலேயே தன் பெயரில் ஒரு ஃபைல் போட்டிருக்கிறாள். எல்லோருக்கும் எழுதுவது போல இரண்டு வரி எழுதிக் குத்தியிருக்கிறாள். வயது ஐம்பத்திரண்டு, மாதவிலக்கு நின்று இரண்டு வருடம், திரும்பக் கறை படுகிறது, மூன்று வாரம்.

"வாயால சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. சீட்டுன்னா நீங்க படிச்சிருவீங்கன்னு வச்சேன். அதுக்குள்ள அந்தப் பையன் வந்து விழுந்துட்டான்."

"ரெண்டு நிமிஷம்னு கேட்டியே. அதா?"

"ஆமா மேடம். தப்பு என்மேலதான். அன்னைக்கு உங்க டீ அப்பிடியே இருந்துச்சு. அதப் பாத்தும் நான் கேட்டிருக்கக் கூடாது. யாரா இருந்தாலும் நாளைக்கு வரச் சொல்லுன்னீங்க. மறுநாளும் டீ அப்பிடியே வந்துச்சு. அதுக்கு மறுநாளும். டெங்கு ஓயட்டும்னு இருந்துட்டேன். அப்பறம் மாத்திர போட்டு நின்னுடுச்சு."

பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐம்பது நிமிடம் என் எதிரே நின்றாள். அப்போதும் அவளுக்குக் கறை பட்டுக்கொண்டிருந்தது. அவளை மன்னிப்புக் கேட்க விட்டுவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுதேன். அறுபத்தேழு வயதில் ஒரு நோயாளியின் கட்டில் ஓரத்தில் நான் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை. "நாந்தான் ரெஜினா, நாந்தான் கேக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"அழாதீங்க மேடம். உங்களுக்கு பிரஷர் ஏறும்" என்றாள்.

நான் வந்தவுடனே ஷாலினி டீ போட்டுக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்திருந்தாள். நான் தொடவில்லை. ரெஜினாவின் கண் அந்த டம்ளரின் மேல் போய் நின்றது. ஏடு படிந்திருந்தது. தலையைக் கஷ்டப்பட்டு மகள் பக்கம் திருப்பினாள்.

"ஷாலு, மேடத்துக்கு இன்னைக்கு முடியல. ஒரு ஆட்டோ கூப்புடு. வீட்டுக்குப் போயி கொஞ்சம் படுக்கட்டும்."

ஷாலினி போனை எடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். டம்ளரை எடுத்து, ஆறிப்போன டீயை ஏட்டோடு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். காலி டம்ளரை அவள் பார்க்கிற மாதிரி ஸ்டூலில் வைத்தேன். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எங்கெங்க வலிக்குது, சொல்லு" என்றேன்.

டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். இடுப்பில் வலி, கால் வீக்கம், ராத்திரியில் வருகிற பயம், தான் போன பிறகு ஷாலினிக்கு யார் இருக்கிறார்கள் என்ற கவலை. ஒவ்வொன்றாகச் சொன்னாள், இரண்டு வரியாகச் சுருக்காமல் சொன்னாள். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "இன்னொண்ணும் இருக்குது மேடம்" என்றாள்.

"சொல்லு" என்றேன். அன்று மாலை கிளினிக்கை நான் திறக்கவில்லை.